மடி மட்டும் போதாது, அம்மாக்களே!



காரில் போகும்போது அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொள்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். 'அம்மா மடியை விட பத்திரமான இடம் எது?' என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால், 2024ல் பேப்பரில் வந்த இரண்டு செய்திகளைப் படித்தால் வயிறு பதறுகிறது.

கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில், முன் சீட்டில் அம்மா மடியில் இருந்த 2 வயதுப் பெண் குழந்தை, காரும் டேங்கர் லாரியும் மோதியதில் ஏர்பேக் விரிந்து இறந்து போனது. அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பையில், முன் சீட்டில் இருந்த 6 வயதுப் பையனுக்கும் இதே கதி. கூட இருந்த பெரியவர்கள் பிழைத்துக் கொண்டார்கள்.

அப்படியானால் ஏர்பேக்கே ஆபத்தா? இல்லைங்க. பெல்ட் போட்ட பெரியவர்களின் உடம்புக்கு ஏற்றபடி செய்தது அது. கண் மூடித் திறப்பதற்குள் அசுர வேகத்தில் விரியும். மடியில் இருக்கும் பிள்ளையின் முகமும் கழுத்தும் அதற்கு நேர் எதிரே இருக்கின்றன. பிஞ்சுக் கழுத்து தாங்குமா?

'பின் சீட்டில் உட்கார்ந்து கெட்டியா பிடிச்சுக்குவேன்' என்பார்கள் சிலர். கணக்கைப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 200 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். அதாவது, 25 கிலோ அரிசி மூட்டை எட்டு! எந்தத் தாயின் கைக்கு அந்த பலம் உண்டு? பாசம் இருக்கலாம், பலம் இருக்காதே.

2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் ரூ.1,000 அபராதம். சட்டம் இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெல்ட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கார் பெல்ட் பெரியவர்கள் அளவுக்குத் தைத்தது. சின்னப் பிள்ளைக்குப் போட்டால் கழுத்திலும் வயிற்றிலும் அறுக்கும். அதனால்தான் தனி சீட் வேண்டும் என்கிறார்கள். சரியாகப் பொருத்தினால், விபத்தில் குழந்தைகள் சாவதை 60 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சீட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: எப்போதும் பின் சீட்டில்தான் பொருத்த வேண்டும். கைக்குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மோதலின்போது கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. இரண்டு வயது வரையாவது இப்படி வைப்பது நல்லது. தோள் வார் தளர்வாக இருந்தால் பயனில்லை. ஒரு விரல் நுழையும் அளவு போதும். வெயிலில் நின்ற கார் என்றால், பக்கிளைத் தொட்டுப் பார்த்து விட்டு மாட்டுங்கள், சுட்டுவிடும். விபத்தில் மாட்டிய பழைய சீட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

'பச்சைப் புள்ளையை இப்படிக் கட்டிப் போடறீங்களே' என்று வீட்டுப் பெரியவங்க சத்தம் போடுவாங்க. தூளியில் போட்டு ஆட்டுவதும் குழந்தை விழக்கூடாது என்றுதானே என்று பதமாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே பழக்கி விட்டால் குழந்தையும் அடம் பிடிக்காது.

கார் இல்லாத குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். டூவீலரில் போகும் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும், ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று 2022ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டை மாடிச் சுவரில் பிள்ளையை உட்கார வைப்போமா?

'விலை ஜாஸ்தி' என்பது நியாயமான பேச்சுதான். காதுகுத்துக்கு தாய்மாமன் சீராக வெள்ளிக் கொலுசு, தட்டு என்று வருகிறதே, அதில் ஒன்றுக்குப் பதிலாக இந்த சீட்டைக் கேட்டு வாங்கலாம். அக்கா பிள்ளைக்கு வாங்கியது, விபத்தில் அடிபடாமல் இருந்தால், தங்கை பிள்ளைக்கும் உதவும். கொலுசு அடுத்த வருஷம் கூட வாங்கிக்கலாம், சகோதரிகளே!

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.