வீடு திரும்பும் முதியவருக்கு யார் பொறுப்பு?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உயிர் காக்கும் வேலை பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. பக்கவாதம் வந்த 70 வயது மூதாட்டியை 108 ஆம்புலன்ஸ் கொண்டுவந்து சேர்க்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள், மருந்து ஏற்றுகிறார்கள், சில நாளில் அவர் ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார். சிக்கல் தொடங்குவது டிஸ்சார்ஜ் நாளில்தான். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டு, சில மாத்திரைக் கவர்கள், இரண்டு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லும் ஒரு வரி. இவைதான் அவர் கையில் இருக்கும். சிறுநீர்க் குழாயை எப்போது, யார் மாற்றுவது, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் வார்டிலேயே அவசர அவசரமாகச் சொல்லியிருப்பார்கள். கேட்டுக்கொண்டவர் உடனிருந்த மகள். அவர் நாலு நாளில் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிடுவார். ஊரில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் 75 வயதுக் கணவர். கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பிரஷர் மாத்திரையும் மருத்துவமனை கொடுத்த மாத்திரையும் வேறு வேறு பெயரில் இருக்கும் ஒரே மருந்து என்பதை அந்த வீட்டில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இரண்டையும் விழுங்கித் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த மூதாட்டி புது நோயாளியாக, புதுச் சீட்டோடு பதிவாவார்.

இதை மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்வது அநியாயம். கோளாறு அமைப்பில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். கிராமத்திலிருந்து நகரத்துக்கு நோயாளியை அனுப்பும்போது பரிந்துரைச் சீட்டு கூடவே போகிறது. திரும்பி வரும்போது, இன்னார் உங்கள் எல்லைக்கு வருகிறார் என்று கீழே இருப்பவருக்கு முறையாகத் தெரிவிக்கும் பழக்கம் வேரூன்றவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் வலித் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. பாராட்டுக்குரிய திட்டம்தான். ஆனால் அதன் அடித்தளம் வீடு வீடாகச் சென்று நோயைக் கண்டறிவது; மருத்துவமனையிலிருந்து நேற்று வந்து இறங்கியவரை இன்று தேடிப் போவது அல்ல.

நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். தொடர் கவனிப்பு தேவைப்படும் முதியவர் வார்டை விட்டுக் கிளம்புமுன், அவர் ஊருக்கு அருகில் உள்ள ஒரு சுகாதாரப் பணியாளர், பெயரோடும் கைபேசி எண்ணோடும், அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். நமக்கு இது புதிய வித்தையும் அல்ல. கர்ப்பிணி ஒருவருக்குப் பதிவு எண் கொடுத்து, பரிசோதனையிலிருந்து குழந்தையின் தடுப்பூசி வரை தொடர்கிறோம். பிரசவம் முடிந்தால் தாயையும் சேயையும் அரசு வண்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். பேறுகால மரணங்களைக் குறைத்ததில் இந்தத் தொடர் கண்காணிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நடக்க முடியாத முதியவரோ வாடகைக் காருக்குக் கடன் வாங்கி ஊர் திரும்புகிறார். 60 வயதைக் கடந்தோர் 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்குக் காட்டிய அக்கறையை இவர்களுக்கும் நீட்டிக்க இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

இப்படித் தொடர்வதால் பலன் உண்டா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் மேரி நெய்லர் குழு 363 முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் வார்டிலேயே நோயாளியைச் சந்தித்து, வீடு திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர்ந்தார். 24 வாரங்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அந்தப் பிரிவில் 20.3 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 37.1 சதவீதம். எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. அதே நாட்டில் கேம்டன் நகரில் இதேபோன்ற தொடர் கவனிப்பை 800 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மருத்துவமனையில் சேர்வதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அங்கு சேர்க்கப்பட்டவர்கள் பல நோய்களோடு வீடின்மை, போதைப் பழக்கம் போன்ற சிக்கல்களிலும் இருந்தவர்கள். ஒருங்கிணைப்பாளரை மட்டும் நியமித்துவிட்டு, அவர் அனுப்பிவைக்க வேண்டிய சேவைகள் ஊரில் இல்லையென்றால் பயனில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். பொறுப்பேற்பவர் கையில் மருந்தும் மாற்றுக் குழாயும் இயன்முறை சிகிச்சையாளரின் வருகையும் இருந்தாக வேண்டும்.

குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும், அதுதானே நம் வழக்கம் என்பார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகள் 1,250 பேரிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதம்தான். 2017-இல் லான்செட் இதழில் வெளியான இந்த முடிவு குடும்பங்களின் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்ட முடியாது என்பதைத்தான் காட்டுகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஏற்கெனவே தாய்சேய் நலம், தடுப்பூசி, பதிவேடுகள் என்று மூச்சு முட்டுகிறது; இதையும் சுமத்தலாமா? சுமத்தக் கூடாது. நலவாழ்வு மையங்களாக மாறிய துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாகச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஒருமுறை சென்று, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பாயில் கொட்டிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகுதியானவர்கள் அவர்கள். காலியிடங்களை நிரப்பி, இந்த வேலைக்கென்று நேரமும் பயணப்படியும் ஒதுக்க வேண்டும். செலவு ஆகும்தான், மறுபடி படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்ப்பதற்கும் அரசுதானே செலவழிக்கிறது?

முதலில் பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, இதயச் செயலிழப்பு என்ற மூன்றுக்கு மட்டும், ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்குப் போகும் தொகையின் ஒரு பகுதியை, ஊரிலுள்ள செவிலியர் 'நோயாளியைப் பார்த்தேன், மருந்துகளைச் சரிபார்த்தேன்' என்று பதிவு செய்த பிறகே விடுவிக்கலாம். அப்போது அந்தத் தொகைக்காகவாவது தனியார் மருத்துவமனைகளும் வீட்டிலிருப்பவருக்குப் புரியும்படி தமிழில் சீட்டு எழுதும். மூன்று இயக்ககங்களும் ஒரே பதிவேட்டைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும்.