தீவில் எரிந்த விறகு

எங்கள் வங்கிக் கிளையில் மொரீஷியஸ் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்குகிறது. நீலக்கடல், வெள்ளை மணல், தென்னை. கூட்டிப் பெருக்க வருகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஆளே இல்லியே சார், அந்த மணல யாரு கூட்டறது?” என்றார்.

பிரெஞ்சுப் பயண நூல்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. 1768 ஏப்ரலில் பூகன்வீல் பசிபிக் கடலின் தாகித்தித் தீவில் பத்து நாள் போலத் தங்கினார். (நம்ம சிப்காட் கம்பெனி வாசல்களில் பூக்கிற காகிதப்பூவின் தாவரவியல் பெயர் இவர் பெயரால் வந்ததுதான்.) கிரேக்கக் காதல் தேவதையின் தீவுப் பெயரை அதற்குச் சூட்டினார். மேல்-கீழ் இல்லாத சொர்க்கம் என்று ஐரோப்பா சொக்கிப்போனது.

ஆனால் 1771இல் வந்த அதே நூலில், தான் ஏமாந்துபோனதை அவரே ஒத்துக்கொள்கிறார். கப்பலில் கூட வந்த தாகித்திக்காரர் அஹுதோரு சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது: அங்கேயும் மேல்-கீழ் உண்டு, கொடூரமாகவே உண்டு. இறைச்சியும் மீனும் பெரியவர்களுக்கு. இரவில் வெளிச்சத்துக்கு எரிக்கிற விறகுகூட அவர்களுக்கு வேறு, சனங்களுக்கு வேறு. எங்கப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிய ஊரில் பிறந்தவன் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அஹுதோரு பாரிசைப் பார்த்தார். ஊர் திரும்பும் வழியில் 1771இல் பெரியம்மையில் செத்தார். அவர் சொன்னது அச்சில் இருந்தும் சொர்க்கம்தான் நிலைத்தது.

மொரீஷியஸ் விஷயமும் அப்படித்தான். அங்கே இருந்துவந்த பெர்னார்தென் தெ சேன்-பியேர், அடிமைகள் படும் வதையை 1773 பயண நூலில் எழுதினார். புதுச்சேரியிலிருந்து நம்மாளுங்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நூற்றாண்டு அது. அந்தப் பயண நூலை யார் படித்தார்கள்? உலகம் கொண்டாடியது அவருடைய 1788 நாவல் ‘போலும் விர்ஜினியும்’. அதில் ஓடிவந்த அடிமைப்பெண் ஒருத்தியை அந்த நல்ல பிள்ளைகள் இருவரும் எசமானிடமே கூட்டிப்போய் மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். அவன் அப்புறம் அவளைச் சங்கிலியில் கட்டுகிறான். அவளுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை.

நம்மூர் எழுத்தாளர்களுக்குத் தீவு தேவைப்படவில்லை, கிராமம் போதும். ஆலமரம், கோயில் மணி, ஏரிக்கரை. அந்த வருணனைக்குள் சேரி எந்தத் திசையில் இருக்கிறது? மாணவத் தோழர்கள் பாடப்புத்தகத்தில் வருகிற கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் யாருடையது, செத்த மாட்டைத் தூக்கியது யார் என்று பக்க ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அந்தப் புத்தகம் வேறொருவர் கைக்குப் போகும்.