கட்டங்களுக்குள் அடங்காத கடல்

2025 பிப்ரவரியில் 'சிவிலைசேஷன்' விளையாட்டின் ஏழாம் பதிப்பு வெளியானபோது, சோழர் அதில் தனியொரு நாகரிகமாக இடம்பெற்றிருப்பதை அறிந்து நாம் அடைந்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. முந்தைய பதிப்புகளில் இந்தியா என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தோம். இம்முறை கலம் என்ற பெயரிலேயே ஒரு போர்க்கப்பல். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று பழைய வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்கள். கல்வெட்டு நூல்களில் மட்டுமே கண்ட சொற்கள் கணினித் திரையில் வந்து நின்றபோது உள்ளம் பூரித்தது.

பூரிப்பு அடங்கிய பிறகு ஒரு குறை உறுத்தத் தொடங்கியது. பெயர்கள் வந்துவிட்டன, கடல் வரவில்லை. கடலோடும் நுட்பத்தைக் கண்டறிந்துவிட்டால் போதும், கரையில் நிற்கும் காலாட்படை தானே நீரில் இறங்குகிறது, தானே ஓடமாக மாறுகிறது, எதிர்க்கரையில் தானே ஏறிக்கொள்கிறது. வாய்க்காலைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போகும் ஆளைப் போல ஒரு படை கடலைத் தாண்டிவிடுகிறது.

அதிராம்பட்டினத்துக் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத காட்சி. இங்கே கடல் என்பது முதலில் சேறு. உப்பளங்களைக் கடந்து போனால் முழங்கால் புதையும் சேற்றுப் படுகை; அதற்கப்பால் நெடுந்தூரம் ஆழமில்லா நீர். படகுகள் வாய்க்கால் வழியாகத்தான் போய்வர வேண்டும். பெரிய மரக்கலம் இக்கரைக்கு வருமானால் தொலைவில் நங்கூரமிட்டு நிற்பதைத் தவிர வழியில்லை. ஆளும் சரக்கும் தோணிகளில்தான் கரை சேர வேண்டும். காற்றுக்கும் இங்கே தனித்தனிப் பெயர் உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக்கு நான்கு சொல். எந்தக் காற்றில் எங்கே போகலாம், எந்தக் காற்றில் வலையை உலர்த்திக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்பதே தொழிலின் பாலபாடம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது இவ்வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததைப் பார்த்தவர்களிடம், கடல் என்பது நீலநிறம் பூசிய நிலம்தான் என்று எந்த விளையாட்டும் சொல்லிவிட முடியாது.

முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டுகள் தொடக்கம் முதலே இப்படி இருக்கவில்லை. 1991இல் வந்த முதல் 'சிவிலைசேஷன்' விளையாட்டில், கரையை ஒட்டாமல் ஒரு முறையை முடிக்கும் பழங்காலப் படகு மூழ்கிவிடக்கூடும் என்று ஒரு விதி இருந்தது. எளிய விதிதான், ஆனால் அதில் அச்சம் இருந்தது. 2005இல் வந்த நான்காம் பதிப்பிலும் படைகளைக் கப்பலில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும். ஒரு கப்பலில் இத்தனை படைதான் ஏறும் என்ற கணக்கு இருந்தது. கப்பல் மூழ்கினால் உள்ளிருந்த படையும் மூழ்கியது. கப்பலிலிருந்து நேரே கரையைத் தாக்கும் படை வலிமை குன்றியே போரிட்டது. 2010இல் ஐந்தாம் பதிப்பு இதையெல்லாம் நீக்கிவிட்டுப் படையையே ஓடமாக்கியது.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றுவதும் இறக்குவதும் ஆடுபவருக்குச் சலிப்பூட்டும் வேலை. கணினியே எதிராளியாக ஆடும்போது கப்பலையும் படையையும் ஒருங்கிணைக்கத் தெரியாமல் திணறும். மேலும், ஒரு முறை என்பது பல ஆண்டுகளைக் குறிக்கும் விளையாட்டில் பருவக்காற்றுக்கு எங்கே இடம் என்ற கேள்வியும் சரியானதே. இந்த மூன்று தடைகளையும் ஏற்றுக்கொண்டுதான் மாற்றுவழி தேட வேண்டும்.

நாம் கருதும் வழி இது: கடல் கடந்த படையெடுப்பைக் கட்டம் கட்டமாக நகர்த்தும் வேலையாக வைக்காமல், துறைமுகத்திலேயே தீர்மானிக்கப்படும் ஒரே கட்டளையாக ஆக்கிவிடலாம். புறப்படும் பருவம், ஏற்றும் சரக்கு, இறங்கும் கரை, திரும்பும் காலம் ஆகிய நான்கையும் ஆடுபவர் முன்கூட்டியே முடிவு செய்யட்டும். பிறகு அம்முடிவுகளின் விளைவை அவர் அனுபவிக்கட்டும். கப்பல்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் சலிப்பு இதில் இல்லை. கணினிக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்வது நாற்பது கப்பல்களை நகர்த்துவதைவிட எளிது. பருவத்தை விளையாட்டின் நாட்காட்டியில் தேட வேண்டியதில்லை. கட்டளைக்குள்ளேயே அது இருக்கும்.

முதலில் பருவம். வங்கக் கடலில் தென்மேற்குக் காற்று கலத்தைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். இடையில் அகப்பட்டவர் அயல்கரையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1281இல் ஜப்பானைத் தாக்கப் போன குப்ளாய்கானின் பெரும்படை கரையோரத்தில் வாரக்கணக்கில் தேங்கி நின்ற வேளையில் புயல் வந்து கப்பல்களை நொறுக்கியது. அங்கே தோல்விக்கு வீரக்குறைவு காரணமன்று; தாமதமே காரணம். தாமதத்துக்கு விலை இல்லாத விளையாட்டில் விரைவுக்கும் மதிப்பிராது.

இரண்டாவது சரக்கு. படை நடப்பது வயிற்றால் என்பார்கள், மிதப்பதும் வயிற்றால்தான். அரிசி, குடிநீர், குதிரைக்குத் தீனி என்று ஒவ்வொன்றும் இடத்தை அடைக்கும். வீரர் கூடினால் உணவு குறையும். உணவு கூடினால் வீரர் குறைவர். காவிரிப் படுகையின் நெல்லுக்கும் சோழரின் கடலோட்டத்துக்கும் உள்ள உறவு இங்கேதான் விளங்கும். உள்நாட்டுக் களஞ்சியம் நிறைந்திருந்தாலன்றி வெளிநாட்டுக் கரையைத் தொட முடியாது. இப்போதைய விளையாட்டுகளில் வயலும் கப்பலும் ஒன்றையொன்று அறியாமலே வாழ்கின்றன.

மூன்றாவது, நாம் மிக முக்கியமாகக் கருதுவது, கரையிறக்கம். எல்லாக் கரையும் ஒன்றல்ல. அதிராம்பட்டினத்துச் சேற்றுக் கரையும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் நாகப்பட்டினத்து மணற்கரையும் ஒரே நிறக் கட்டங்களாக இருப்பது அநீதி. 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில், கோழிக்கோட்டு சாமூதிரியின் பெருங்கடற்படை கரையோரத்தில் தங்கியிருந்தபோது போர்ச்சுகீசியர் சிறிய படையுடன் வந்து அதை முறியடித்தனர். கரையை ஒட்டி நிற்கும் கப்பற்படையே மிகவும் வலுவிழந்த கப்பற்படை என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டியதில்லை.

இறங்கியவுடன் வெற்றி என்பதும் பொய். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிய அரசுரிமைப் போரில் தலையிட்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி லங்காபுரன், இராமேசுவரத்தைப் பிடித்ததும் மதுரைக்குப் பாய்ந்துவிடவில்லை. இன்று குந்துகால் என்று கருதப்படும் இடத்தில் முதலில் கோட்டை கட்டினான். காலூன்ற ஓர் இடம், பிறகுதான் நடை. நம் காலத்திலும் இதைக் கண்டோம். 1991 ஜூலையில், முற்றுகையிடப்பட்டிருந்த ஆனையிறவு முகாமை மீட்க வெற்றிலைக்கேணிக் கரையில் இலங்கைப் படை இறங்கியது. முகாம் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் அத்தூரத்தைக் கடக்க இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. இரு தரப்பிலும் எத்தனையோ இளைஞர்கள் அந்த மணலில் மாண்டார்கள். விளையாட்டில் அது இரண்டு கட்டம்.

எனவே கரையிறக்கம் பல முறைகளுக்கு நீள வேண்டும். முதல் முறையில் சிலரே இறங்க முடியும். யானையும் குதிரையும் கனத்த கருவிகளும் பின்னரே வரும். எதை முதலில் இறக்குவது என்பதே ஆடுபவரின் உத்தியாக இருக்கட்டும். துறைமுகம் கைக்கு வரும்வரை கையிருப்பு கரைந்துகொண்டே போகட்டும். 1944இல் நார்மண்டியில் இறங்கிய நேச நாடுகள் செயற்கைத் துறைமுகங்களையே இழுத்துக்கொண்டு போயின. இரண்டு வாரத்தில் வந்த புயல் அவற்றில் ஒன்றைச் சிதைத்தது. அத்தனை வளம் படைத்தவர்களுக்கே அந்தக் கதி.

நான்காவது, திரும்பி வருதல். இதைத்தான் உத்தி விளையாட்டுகள் முற்றாக மறந்துவிட்டன. அவற்றில் நகரைப் பிடித்தால் வெற்றி, பிடிக்காவிட்டால் வீண். 1025இல் முதலாம் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது படை அனுப்பினான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று பத்துக்கும் மேற்பட்ட இடங்களை வரிசையிடுகிறது. கலங்கள் எத்தனை, வீரர் எத்தனை பேர் என்று அது சொல்லவில்லை. அந்நிலங்களைச் சோழர் நிலையாக ஆண்டதற்கும் சான்றில்லை. அடித்தார்கள், மன்னனைச் சிறைப்பிடித்தார்கள், செல்வத்தைக் கொண்டுவந்தார்கள், திரும்பினார்கள். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குச் சோழத் தூதுகள் சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், நிலத்தைவிட வழியே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்று எண்ண இடமுண்டு. இப்படிப்பட்ட படையெடுப்புக்குப் பயன் தரும் விதி, அதாவது கொள்ளைப்பொருள், வணிகச் சலுகை, எதிரியின் துறைமுகம் சில காலம் முடங்குதல் போன்றவை, விளையாட்டின் மையத்துக்கு வர வேண்டும். அப்படி ஒரு விதி இல்லாத இடத்தில் சோழரைச் சேர்த்ததனால் சோழர் வரலாறு சேர்ந்துவிடவில்லை.

விளையாட்டுதானே, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இராசேந்திரனின் பெயரைப் பாடநூலுக்கு முன்பே திரையில் சந்திக்கப் போகிறார்கள். கடல் எளிதானது என்று அத்திரை கற்பித்தால், கடலைக் கடந்தவர்களின் பெருமையும் எளிதாகிவிடும். மேடைகளில் நாம் கேட்டுச் சலித்த வெற்றிப் பேச்சையே அவர்கள் விசைகளால் திரும்பச் செய்வார்கள். துடுப்பு வலித்தவனும், அரிசி மூட்டை சுமந்தவனும், சேற்றில் இறங்கித் தோணியைத் தள்ளியவனும், எதிர்க்கரையில் வீடு எரியக் கண்டவளும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கடலைக் கடினமாக்குவது இவர்களையெல்லாம் கணக்கில் சேர்ப்பதற்கான வழி.

விளையாட்டை வடிவமைப்போரில் இன்று தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் வேண்டுவது புதிய சோழப் பெயர்களை அல்ல. ஒரு நாள் இந்தக் கரைக்கு வந்து, காற்றின் பெயர்களை மீனவர் வாயிலாகக் கேட்டு, நீர் வற்றிய வேளையில் முழங்கால் சேற்றில் நூறு அடி நடந்து பார்க்கட்டும். அதன்பின் எழுதும் விதியில் படை தானாக ஓடமாகாது.