உயரமான பிள்ளைக்கு "அடி" என்று சொல்லாதீர்கள், "நில்" என்று சொல்லிக் கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பின்னேரங்களில் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்க மதிலோரம் வந்து நிற்கும் வாப்பாமார், நானாமார், பழைய மாணவர்கள் எல்லோரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

"நாங்கள்" என்று இங்கே எழுதுவது பாடசாலையில் கூடைப்பந்துப் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் மூன்று ஆசிரியர்கள். ஒருவர் உடற்கல்வி, ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ். பெரிய பயிற்றுவிப்பாளர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ள மாட்டோம். பிழை விட்டு, அதிலிருந்து படித்தவர்கள்.

கடந்த போட்டி முடிந்த அன்று தேநீர்க் கடையில் ஒருவர் எங்களைப் பிடித்துக் கேட்டார். "சேர், உங்கட டீம்ல ரெண்டு பேர் பனை மரம் மாதிரி நிக்கிறாங்க. ஆனா பந்து மட்டும் மத்தப் பக்கத்துக் கட்டையன்ட கைல. அது ஏன்?" பக்கத்தில் இருந்த இன்னொருவர் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "அவன்களுக்கு அடிச்சு விளையாடப் பழக்குங்க சேர். இல்லாட்டி வேலையில்ல."

கேள்வி சரியானது. பதில்தான் பிழை. அந்தப் பதிலை நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கேள்வியைப் பார்ப்போம். எங்கள் கரையோரத்தில் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் உதைபந்துதான் ஊர் விளையாட்டு. தெற்கே சிலாபம், மாரவில, வென்னப்புவ பக்கத்துப் பாடசாலைகளில் கூடைப்பந்து நீண்ட காலமாக வேரூன்றியது. அந்தப் பிள்ளைகளோடு மோதும்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டத்தில் குறை தெரிவதில்லை. வளையத்துக்குக் கீழேதான் தெரிகிறது. அதோடு எங்களுடையது திறந்தவெளி கோர்ட். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூரத்தில் இருந்து எறிகிற பந்து எங்கே போகும் என்று எறிகிறவனுக்கே தெரியாது. வளையத்தில் பட்டுத் திரும்பி வரும் பந்தை யார் எடுக்கிறார்களோ அவர்கள்தான் வெல்கிறார்கள். அந்தப் பந்துக்காகத்தான் உயரமான பிள்ளையை அங்கே நிறுத்துகிறோம். பந்து வரும் நேரத்தில் அவன் ஒதுங்கி வழி விடுகிறான்.

ஏன் ஒதுங்குகிறான்? பயந்தாங்கொள்ளி என்பதாலா?

அவன் வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். ஆறு வயதிலேயே வீட்டில் சொல்வது, "பார்த்து மகன், தம்பிக்குப் பட்டுடும்." வகுப்பில் கடைசி வாங்கு. குழுப் படம் எடுக்கும்போது பின்வரிசையில், அதுவும் குனிந்து. ஒழுங்கையில் பந்தடிக்கும்போது சின்னவன் ஒருவன் தானாகத் தடுக்கி விழுந்தாலும் ஏச்சு இவனுக்கு. "நீ பெரியவன், நீதான் பார்த்து நடக்கணும்." எட்டு வருஷமாக இப்படிச் சொல்லி, இடத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ள நாமே அவனைப் பழக்குகிறோம். பதினான்கு வயதில் வளையத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, "இடத்தைப் பிடி" என்கிறோம். அவன் முழிக்கிறான். நாம் கற்றுக் கொடுத்த அதபை அவன் ஒழுங்காகப் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. வேகமாக வளரும் பிள்ளைக்கு எலும்பு முதலில் நீளும், தசை பின்னால்தான் வரும். பார்க்கப் பெரியவனாக இருப்பான், ஆனால் அவனை விட ஒரு சாண் குட்டையான கட்டுமஸ்தான பையன் இடித்தால் ஆடிப்போவான். முழங்கால் நோகும், சொந்தக் காலே தடுக்கும். வெளியே நிற்கிற நமக்கு அவனுடைய உயரம் மட்டும்தான் தெரிகிறது.

இனி எங்கள் பிழை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வலய மட்டப் போட்டி. எங்கள் உயரமான பிள்ளையை மற்றப் பக்கத்து மாணவன் ஒருவன் இடுப்பால் தள்ளித் தள்ளிப் பந்தை எடுத்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் எங்களுக்குக் கோபம். "நீ என்ன பொம்மையா? அவன் இடிச்சா நீயும் அடி" என்று எங்கள் வாயால் சொன்னோம். பிள்ளை சொன்னதைச் செய்தான். அடுத்த பந்துக்கு முழங்கையை வீசினான். மற்றப் பிள்ளையின் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தம். மத்தியஸ்தர் விதிப்படி கடுமையான தவறாகக் கொடுத்தார். இரண்டு எறிதல், பந்தும் அவர்களுக்கு. அது பெரிய விஷயம் இல்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு பந்தைக்கூடக் கையால் தொடவில்லை. போட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் போய் அழுதான். ஒரு மாதம் பயிற்சிக்கு வரவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவனுடைய உம்மா ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், யாருக்கும் அடிக்காதேண்டு சொல்லித்தான் நாங்க இவன வளர்த்தோம். நீங்க அடிண்டு சொல்றீங்க. புள்ள யார்ட சொல்லக் கேக்குறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தோம்.

அதற்குப் பிறகுதான் விதிப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தோம். வெட்கத்தோடு சொல்கிறோம், அதுவரை படித்திருக்கவில்லை. கூடைப்பந்து விதியில் ஒவ்வொரு வீரருக்கும் அவர் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு உருளை போன்ற இடம் சொந்தம். தவறில்லாமல் அந்த இடத்துக்கு முதலில் வந்தவருக்குத்தான் அது. அதற்குள் நின்று, கைகளை நேரே மேலே தூக்கி, நேரே மேலே குதித்தால், எதிரில் வருகிறவர் வந்து மோதினாலும் தவறு நின்றவருடையது இல்லை. கையால் தள்ளினால், முழங்கையை வீசினால், சாய்ந்து விழுந்தால் தவறு. ஐந்து தவறு செய்தால் வெளியே. ஆக, "அடி" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட உயரமான பிள்ளை பாதிப் போட்டியில் வாங்கில் உட்கார்ந்திருப்பான். "நில்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவன் கடைசி நிமிஷம் வரை கோர்ட்டில் இருப்பான்.

அந்த உம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான். அடிக்கச் சொல்லவில்லை, உன் இடத்தை விட்டு நகராதே என்று சொல்லுகிறோம்.

இதை எப்படிப் பழக்குவது? எங்கள் ஊரிலேயே அதற்குப் படம் இருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். யாராவது நிமிர்ந்து நின்று கையால் இழுக்கிறார்களா? குதிகாலை மணலில் புதைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, தொடையின் பலத்தில் சாய்கிறார்கள். பின்னால் பல இடங்களில் ட்ரக்டரும் இழுக்க வந்தது. ஆனாலும் கையால் இழுத்த மூத்தவர்களுக்கு அந்த நிலை உடம்பிலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். வளையத்துக்குக் கீழே நிற்கும் முறை அதேதான். தாழ்வாக நிற்பவனை அசைக்க ஏலாது. உயரமானவன் நிமிர்ந்து நின்றால் அவனைச் சின்னப் பிள்ளையும் தள்ளிவிடும்.

இரண்டாவது, பந்துக்கு முன் ஆள். எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்ப்பார்கள். நாங்கள் சொல்லிக் கொடுப்பது, முதலில் பக்கத்தில் இருக்கும் எதிராளியைத் தேடு. அவனுக்கு முதுகைக் காட்டி, உன் இடுப்பை அவன் தொடையில் வை. அவன் வரும் வழி அடைபட்ட பிறகு பந்துக்குப் போ. இதைத்தான் பொக்ஸ் அவுட் என்பார்கள். இதில் அடியும் இல்லை, தள்ளும் இல்லை. ஆனால் உடம்போடு உடம்பு படும். அந்தப் படுதலுக்குக் கூச்சப்படாமல் இருக்கப் பழக வேண்டும்.

மூன்றாவது, எடுத்த பந்தை இடுப்புக்கு இறக்காதே. நாடிக்குக் கீழே வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி. உயரமான பிள்ளை பந்தை இறக்கினால் அவனுடைய உயரம் முழுவதும் வீணாகிவிடும்.

இடிபடப் பழக்க எங்களிடம் விலை கூடிய மெத்தைகள் இல்லை. அரிசிச் சாக்கில் தென்னந்தும்பை அடைத்துத் தைத்தோம். பிள்ளை பந்தோடு வளையத்துக்கு எழும்பும்போது ஒருவர் அந்தச் சாக்கால் அவன் தோளில் இடிப்பார். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார்கள். மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டு எறிந்தார்கள்.

உலகத்தில் பெரியவர்களும் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். ஹக்கீம் ஒலாஜுவோனைப் பலருக்குத் தெரியும். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த முஸ்லிம் பிள்ளை. சின்ன வயதில் உதைபந்தில் கோல் காத்தவர், கைப்பந்து ஆடியவர். எங்கள் பிள்ளைகள் மாதிரி கூடைப்பந்துக்குப் பிந்தி வந்தவர். 1980இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரை உரமாக்கியது அந்த நகரத்துப் பொது விளையாட்டரங்கு ஒன்றில் நடந்த கோடைகால ஆட்டங்கள். அங்கே அவரோடு மோதியவர் மோசஸ் மலோன், அப்போது என்.பி.ஏ.யின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். எதிரணி வளையத்துக்குக் கீழே திரும்பி வரும் பந்தை எடுப்பதில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே முதலாவது ஆள். அந்த மனிதர் மாணவன் என்று பார்த்து விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் உடம்பைப் போட்டு இடித்து ஆடினார். இடிபட்டு இடிபட்டு மாணவன் நிற்கப் படித்தான். பின்னால் 1994, 1995 இரண்டு வருஷமும் ஹூஸ்டன் அணிக்குச் சம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் ஒலாஜுவோன். 1995 பெப்ரவரியில் ரமழான் நோன்பு பிடித்தபடியே விளையாடி அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். அவரை நினைப்பது முரட்டுத்தனத்துக்காக இல்லை. காலசைவின் அழகுக்காகத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

நம் நாட்டிலேயே தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உயரம் 2.08 மீற்றர். சின்ன வயதில் உயரத்துக்காகக் கேலி பட்டவர். வலைப்பந்தில் 2009, 2018, 2022 மூன்று தடவையும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். வலைப்பந்தில் இடிக்கவே முடியாது என்பார்கள். ஆனால் அவர் ஆடுவதைப் பாருங்கள். இரண்டு பேர் முன்னும் பின்னும் நெருக்க, தன் இடத்தை விடாமல் நின்று, மேலே வருகிற பந்தை எடுக்கிறார். கேலிக்குப் பயந்து கூனிக்குறுகியிருந்தால் அந்தப் பந்து கைக்கு வந்திருக்குமா?

சில பெற்றோர் கேட்பார்கள், உடம்பால் மோதப் பழக்கினால் பிள்ளையின் குணம் கெட்டுவிடாதா என்று. நியாயமான பயம். எங்கள் அனுபவம் மறுபக்கம். முழங்கை வீசுகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே இடத்தை இழந்தவன். வேறு வழி தெரியாததால் வீசுகிறான். நிற்கத் தெரிந்தவனுக்குக் கோபம் தேவைப்படுவதில்லை. ஆளை வீழ்த்துகிறவனை விடக் கோபத்தில் தன்னை அடக்குகிறவனே பலசாலி என்ற நபிமொழியை நாமெல்லாம் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். அடக்கப் படிப்பதற்கு முதலில் பலம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்தான், அல்ஹம்துலில்லாஹ். கடந்த போட்டியில் அவனை மூன்று தடவை இடித்தார்கள். மூன்று தடவையும் அசையாமல் நின்றான். நான்காவது தடவை இடித்தவனே கீழே விழுந்தான். இவன் பந்தைப் போட்டுவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். போட்டியில் நாங்கள் தோற்றோம். தேநீர்க் கடையில் கேள்வி கேட்டவர் அந்த நேரத்தில் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு.

ஒன்று, மதிலோரத்தில் நின்று "அடிடா" என்று கத்தாதீர்கள். "பனை", "ஒட்டகம்" என்று பெயர் வைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நிமிஷப் பகிடி. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷக் கூனல்.

இரண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு மோசஸ் மலோன் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். உப்பளத்தில் மூடை தூக்கின தோள், வள்ளம் தள்ளின தோள், முன்னர் பாடசாலைக்கு ஆடின தோள் எத்தனையோ ஊரில் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு கோர்ட்டுக்கு வாருங்கள். விளையாடத் தெரிய வேண்டும் என்று இல்லை. தும்புச் சாக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு இடிபட ஆள் வேண்டும். மஃரிபுக்கு முன் விட்டுவிடுவோம்.

சப்பாத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரைவலைக்காரருக்கு எதற்குச் சப்பாத்து?

வஸ்ஸலாம்.