கடலடி ஆறு யாருக்குச் சொந்தம்?

கடலுக்கு அடியில் ஆறு ஓடிய தடம் இருக்கிறது. இது புராணமல்ல, விஞ்ஞானம் அளந்து கண்ட உண்மை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபகுதியில் மலை மலையாகப் பனி உறைந்து கிடந்தது. அத்தனை நீரும் பனியாக முடங்கியதால், கடல் மட்டம் இன்றிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று தீவுகளாயிருக்கும் சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் அன்று ஆசியாவோடு ஒட்டிய ஒரே நிலம். அதன் நடுவே பேராறுகள் ஓடின. பனி உருகிற்று, கடல் ஏறிற்று, ஆறுகள் மூழ்கின. இவற்றைப் பற்றி டச்சுப் புவியியல் அறிஞர் மோலன்கிராஃப் 1921-லேயே எழுதினார்.

அந்தப் பகுதியிலுள்ள பங்கா, பெலித்துங் தீவுகளின் பாறைகளை ஆறுகள் அரித்தன. லேசான மணல் அடித்துச் செல்லப்பட்டது. கனமான வெள்ளீயத் தாது ஆற்றுப் படுகையிலேயே தங்கிற்று. நம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் அதுதான். செல்போனுக்குள் பற்றவைப்பதற்கும் அதுவே வேண்டும்.

கோடானுகோடி நாள் ஆறு உழைத்துச் சேர்த்த செல்வம் யார் கைக்குப் போயிற்று? டச்சு ஏகாதிபத்தியவாதிகள் சீனக் கூலிகளைக் கொண்டு தோண்டினார்கள். 1860-ல் பிலிட்டன் என்று தீவின் பெயரையே சூட்டிக்கொண்டு ஒரு கம்பெனி கிளம்பிற்று. இந்தோனேசியா விடுதலை பெற்றபின், 1950-களில் சுரங்கங்கள் சர்க்கார் வசமாயின. நல்ல காரியம்தான். ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் மட்டும் சுரண்டல் ஒழிந்துவிடுமா? 2015 முதல் 2022 வரை நடந்த ஈய ஊழலில், சுற்றுச்சூழல் நாசத்தையும் சேர்த்து 300 லட்சம் கோடி ரூபியா நஷ்டம் என்று அந்நாட்டு அரசுத் தரப்பே 2024-ல் வழக்கு நடத்தியது.

இன்று மூழ்கிய ஆற்றுப் படுகையைக் கப்பல்கள் உறிஞ்சுகின்றன. ஏழைகள் மிதவையில் பம்பு வைத்து, ரப்பர் குழாயில் மூச்சுவிட்டுக்கொண்டு கடலடியில் இறங்குகிறார்கள். மண் சரிந்தால் சமாதிதான். கலங்கிய சேறு பவளப்பாறையை மூடுகிறது. மீனவன் வலை காலியாகிறது.

மீனவனும் ஈயத் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைத்தால் யாருக்கு லாபம்? இருவரையும் கசக்கிப் பிழிகிறவனுக்குத்தான். எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, எந்த இடத்தை மீனுக்கு விடுவது என்பதை அவ்விருவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். நியாயமான கூலியும் உயிருக்குப் பாதுகாப்பும் பெற வேண்டும்.

ஆறு யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. உழைப்பவர் ஒன்றுபட்டால் அந்தச் செல்வம் மக்களுடையதாகும்!