உங்கள் ஏர்கானுக்கும் எல்லை தாண்டி வரும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

உங்கள் அறையில் இருக்கும் ஏர்கானின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சிங்கப்பூரில் வாங்கியது என்றால் அதில் டிக் குறிகள் இருக்கும். ஜொகூர் பாருவில் இருக்கும் உங்கள் பாட்டி வீட்டு ஏர்கானில் நட்சத்திரங்கள் இருக்கும். நடுவில் இருக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தப் பக்கத்து ஐந்து நட்சத்திரமும் இந்தப் பக்கத்து ஐந்து டிக்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் வரம்புகள் வேறு.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் தென்கிழக்காசியாவில் எரிசக்திச் சேமிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பது இந்த லேபிளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. எரிவாயு முழுக்க இறக்குமதி. அணை கட்ட ஆறு இல்லை, காற்றாலை வைக்க இடம் இல்லை, சூரியத் தகடு பொருத்தக் கூரைதான் உண்டு. அதனால் பக்கத்து நாடுகளிலிருந்து தூய மின்சாரத்தையே வாங்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 2022 ஜூன் மாதம் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக முதன்முறை இங்கு வந்தது. அளவு: அதிகபட்சம் 100 மெகாவாட். ஓராண்டுக்குச் சுமார் 144,000 நாலறை வீவக வீடுகளுக்குப் போதுமானது என்று அப்போது கணக்கிடப்பட்டது.

லாவோஸ் அணையில் பிறந்த அதே மின்சாரம் நேராக உங்கள் பிளக்குக்கு வந்ததா என்றால், இல்லை. லாவோஸ் தன் பங்கைத் தாய்லாந்தின் கட்டமைப்பில் சேர்த்தது. தாய்லாந்து அதே அளவை மலேசியாவுக்குத் தள்ளியது, மலேசியா உட்லண்ட்ஸ் பக்கம் தள்ளியது. வழியில் இருக்கும் நாடுகளுக்கு, கம்பியைப் பயன்படுத்தியதற்குக் கட்டணம். லாரி டோல் மாதிரிதான்.

2035க்குள் இப்படி 6 கிகாவாட் இறக்குமதி செய்வது இப்போதைய இலக்கு. நாட்டின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முதலில் 4 கிகாவாட் என்றுதான் சொன்னார்கள், 2024ல் உயர்த்தினார்கள்.

சரி, இதுக்கும் சேமிப்புக்கும் என்ன சம்பந்தம்?

இறக்குமதி செய்தியில் வரும். வெட்டி விடத் திறப்பு விழா இருக்கும். சேமிப்புக்கு விழா கிடையாது. ஆனால் நீங்கள் பயன்படுத்தாமல் விட்ட யூனிட்டுக்குக் கம்பியும் வேண்டாம், டோலும் வேண்டாம், யாருடைய ஆற்றிலும் அணை வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. 2018 ஜூலையில் லாவோஸின் அத்தாபூ மாநிலத்தில், கட்டுமானத்தில் இருந்த ஒரு நீர்மின் திட்டத்தின் துணை அணை உடைந்தது. பல கிராமங்கள் மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அந்தத் திட்டத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்கப்பட இருந்தது. நமக்கு வந்த மின்சாரத்தோடு நான் அதை முடிச்சுப் போடவில்லை. ஆனால் "தூய மின்சாரம்" என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அந்த லேபிள் கதைக்கு வருவோம்

சிங்கப்பூர் 2008ல் ஏர்கானுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் லேபிளைக் கட்டாயமாக்கியது. 2011 முதல், குறைந்தபட்சத் தரத்தை எட்டாத பொருளை இங்கே விற்கவே முடியாது. மலேசியா அதே மாதிரி விதியை 2013ல் கொண்டுவந்தது.

எல்லா நாடும் ஒரே நேரத்தில் இதைச் செய்யவில்லை என்பதுதான் பிரச்சினை. ஒரு நாட்டில் விற்க முடியாத, மின்சாரத்தைக் குடிக்கும் மலிவு ஏர்கான் என்ன ஆகும்? விதி தளர்வாக இருக்கும் அடுத்த நாட்டுக்குப் போகும். அங்கே அதை வாங்குவது யார்? கையில் காசு குறைவாக இருப்பவர். கடையில் மிச்சமான பணம் மாதா மாதம் பில்லில் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் வழியில் சோதித்தது. ஒரே மாடலை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றால், அந்தச் செலவு கடைசியில் விலையில்தான் ஏறும்.

2015ல் ஆசியான் எரிசக்தி அமைச்சர்கள் ஒரு பாதைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டனர். ஐஎஸ்ஓ 5151 என்ற ஒரே சோதனை முறையைப் பின்பற்றுவது, 2020க்குள் ஏர்கானின் குறைந்தபட்சத் திறன் அளவை 2.9க்குக் கொண்டுவருவது. 2.9 என்றால், உள்ளே போகும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு 2.9 பங்கு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்ற வேண்டும். இன்று கடையில் இருக்கும் நல்ல இன்வர்ட்டர் இதைவிட எவ்வளவோ மேல். என்றாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தரைமட்டம் போட்டதுதான் முக்கியம்.

சோதனை ஒன்றாகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். லேபிள் ஒன்றாகவில்லை. மானியமும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

உதவி யாருக்குக் கிடைக்கிறது?

சிங்கப்பூரில் வீவக குடும்பங்களுக்கு 2024ல் 300 வெள்ளி, 2025ல் கூடுதலாக 100 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. தனியார் வீடுகளுக்கு 2025ல் 400 வெள்ளி. ஐந்து டிக் ஏர்கான், எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி மாதிரி பொருள்களுக்குப் பயன்படுத்தலாம். மலேசியாவில் நான்கு, ஐந்து நட்சத்திர ஏர்கானுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் 2021ல் 200 ரிங்கிட் தள்ளுபடி கொடுத்தார்கள். 2025 ஜூலையில் அங்கே மின்கட்டண முறையும் மாறியது. மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கழிவு உண்டு; குறைவாகப் பயன்படுத்தினால் கழிவு கூடும்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஜொகூரிலிருந்து வேலைக்கு வந்து, இங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு குடிமக்கள் இருக்கும் குடும்பத்துக்குத்தான், அவருக்குக் கிடையாது. ஊரில் கிடைத்த ரிங்கிட் தள்ளுபடியில் இங்கே எதுவும் வாங்க முடியாது. சுவரில் மாட்டியிருப்பதோ வீட்டுக்காரர் எப்போதோ வாங்கிய ஏர்கான். பியூபி பில்லில் மட்டும் அவருக்குப் பங்கு உண்டு.

நானும் அப்படி ஓர் அறையில் இருந்திருக்கிறேன். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் ஏர்கான்" என்பது அந்த வீட்டுச் சட்டம். மெஷினை மாத்தலாமே என்று கேட்கத் தோன்றவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு தோராயக் கணக்கு: 800 வாட் இழுக்கும் பழைய ஏர்கான் எட்டு மணி நேரம் ஓடினால் 6.4 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 90 காசு. மாதத்துக்கு 58 வெள்ளி பக்கம். 50 வாட் மின்விசிறிக்கு அதே எட்டு மணி நேரத்துக்கு 12 காசு. ஏர்கானை 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் நமக்கு உடனே கடலடிக் கம்பிதான் ஞாபகம் வருகிறது. என் கருத்தில், அடுத்து செய்ய வேண்டியது அதைவிட மலிவானது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய ஒரு லேபிள், வாடகைக்கு விடும் வீட்டில் இருக்கும் ஏர்கானுக்கும் ஒரு குறைந்தபட்சத் தரம். ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரத்துக்கு 2025 ஜனவரியில் கையெழுத்தாகிவிட்டது. ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக வருகின்றன. மின்சாரத் தேவை ஏறத்தான் போகிறது. இரண்டு அரசாங்கமும் எப்படியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது, வீட்டு ஏர்கானையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

அதுவரை, ஜேபியில் விலை குறைவு என்று ஏதாவது வாங்கப் போனால் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் ஓர் எண் இருக்கும். அங்குள்ள மற்ற மாடல்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வாடகை அறையில் இருக்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரரிடம் பற்றுச்சீட்டு இன்னும் மிச்சம் இருக்கலாம். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். மேலே இருக்கும் 58 வெள்ளிக் கணக்கைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.