எல்லாம் ஒரே பொத்தானில். அம்மாவுக்கோ இருட்டுத் திரை!



இன்று ஒரு தொலையியக்கியைப் பற்றி எழுதப் போகிறேன். "தமிழாசிரியருக்கும் ரிமோட்டுக்கும் என்னய்யா தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது வரையில் எனக்கும் அது விளங்கவில்லை.

அன்று பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. ஈசூன் நிலையத்தில் இறங்கி, நார்த்பாயிண்ட் வழியாக நடந்து, எங்கள் வீவக வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி ஒன்பதேகால். கூடத்தில் விளக்கு எரிகிறது. நாற்காலியில் அம்மா அமர்ந்திருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தாறு. எதிரே தொலைக்காட்சித் திரை கறுப்பாக இருக்கிறது.

"செய்தி பார்க்கலையாம்மா?"

"வரலப்பா. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. பேரன் டியூஷனுக்குப் போயிருக்கான். அவன் வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."

எட்டரை மணித் தமிழ்ச் செய்திக்கு எட்டேகாலுக்கே வந்து அமர்பவர் அவர். ஒரு மணி நேரம் கறுப்புத் திரையின் முன் காத்திருந்திருக்கிறார்! அதைவிட என்னைச் சுட்டது "நான்தான் கெடுத்துட்டேன்" என்ற சொல். அவர் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான்.

நான்கு போய் ஒன்று வந்த கதை

எங்கள் வீட்டு மேசையில் முன்பு நான்கு தொலையியக்கிகள் கிடந்தன. தொலைக்காட்சிக்கு ஒன்று, அலைவரிசைப் பெட்டிக்கு ஒன்று, வட்டு இயக்கிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. அம்மாவுக்கு வேண்டியவை முதல் இரண்டே. ஒன்றின் சிவப்புப் பொத்தானில் நூல் கட்டியிருந்தார்; மற்றொன்றில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். ஆண்டுக்கணக்கில் ஒருநாளும் அவர் எவரையும் உதவிக்கு அழைத்ததில்லை.

எனக்குத்தான் மேசை அழகாக இல்லை என்று குறை. நிரலேற்றத்தக்க பல்பயன் தொலையியக்கி ஒன்றை வாங்கி வந்தேன். எந்த நிறுவனத்துடையது என்பது இங்குத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை முழுதும் கணினியின் முன் அமர்ந்து, எல்லாக் கருவிகளின் குறிகளையும் அதில் ஏற்றினேன். பழைய நான்கையும் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டேன். "இனி எல்லாம் ஒரே பொத்தானில்!" என்று ஆசிரியர் அறையில் பெருமை பேசினேன். நூலும் குங்குமமும் பரணுக்குப் போனதை நான் கவனிக்கவேயில்லை.

பிழை யாருடையது?

தொலையியக்கியின் வரலாறு நெடியது. 1955-இல் யூஜின் பாலி என்பவர் ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கும் கருவியை அமெரிக்காவின் சீனித் நிறுவனத்தில் உருவாக்கினார். வெயில் பட்டாலே அலைவரிசை மாறிவிடுமாம்! அடுத்த ஆண்டே இராபர்ட் ஆட்லர், செவிக்கு எட்டாத ஒலியால் இயங்கும் கருவியைத் தந்தார். பின்னர் அகச்சிவப்புக் கதிர் வந்தது. ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பல கருவிகளுக்கும் ஒன்றாக நிரலேற்றத்தக்க தொலையியக்கியை 1987-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இத்தனை அறிஞர்கள் உழைத்த கருவியை ஒரு மூதாட்டியால் இயக்க முடியவில்லை என்றால் குற்றம் மூதாட்டியுடையதா?

அம்மாவை மீண்டும் அழுத்தச் சொல்லி, அருகில் நின்று பார்த்தேன். அப்போதுதான் விளங்கிற்று.

அகச்சிவப்புக் கதிர் ஒருவழிப் பாதை. தொலையியக்கி சொல்லும், கருவி மறுமொழி சொல்லாது. என் "ஒரே பொத்தான்" உண்மையில் ஐந்து கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. அதற்குச் சில நொடிகள் ஆகும். அதுவரை கையை நீட்டியபடியே இருக்க வேண்டும். அம்மா அழுத்தினார், அழுத்தியதும் கையை மடியில் இறக்கிவிட்டார். எவருமே அப்படித்தானே செய்வர்? அலைவரிசைப் பெட்டியும் ஒலிபெருக்கியும் உயிர்பெற்றன. தொலைக்காட்சிக்குக் கட்டளை சென்று சேரவில்லை. ஆனால் தொலையியக்கியோ, தொலைக்காட்சி எரிகிறது என்றே தன் நினைவில் குறித்துக்கொண்டது.

இனி வருவதுதான் கொடுமை. எங்கள் கருவிகளில் எரியவைக்கவும் அணைக்கவும் ஒரே குறி. எனவே, மீண்டும் அழுத்தினால் எரிவது அணைகிறது, அணைந்தது எரிகிறது. எத்தனை முறை அழுத்தினாலும் மூன்றும் ஒன்றுசேர்வதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவிப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் சிறு திரையில் கேள்வி வரும்: தொலைக்காட்சி எரிகிறதா, இல்லையா? நல்ல கேள்விதான். ஆனால் கேட்பது ஆங்கிலத்தில்! தமிழ் முரசை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை எழுத்தெண்ணிப் படிக்கும் என் அம்மா, தம் சொந்த வீட்டில், தம் கையிலுள்ள கருவியின்முன் எழுத்தறியாதவர் ஆகிவிட்டார்.

சொல்லக் கூசும் ஒன்று

அந்தக் கேள்வியை எழுதியது தயாரிப்பாளர் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பொத்தான்களுக்குப் பெயரிடும் உரிமையைக் கருவி என்னிடமல்லவா கொடுத்தது? அந்தச் சனிக்கிழமை நான் தட்டெழுதிய பெயர்கள் என்ன தெரியுமா? "வாட்ச் டிவி", "மூவி", "மியூசிக்". மூன்றும் ஆங்கில எழுத்தில்! "வசந்தம்" என்றொரு பொத்தான் வைக்கவும் தோன்றவில்லை. எண் விசைகளைத் தட்டித்தான் அந்த அலைவரிசைக்குப் போக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பிப்பவன் செய்த திருப்பணி இது.

நாம் எப்படிப்பட்டவர்கள்? பொது இடத்துப் பலகையில் தமிழ் எழுத்து ஒன்று பிழையாக இருந்தால் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறோம். தமிழ் இடம்பெறாவிட்டால் முறையிடுகிறோம். அது சரியே, அந்த விழிப்பு வேண்டும். இந்நாட்டில் தமிழ் அதிகாரத்துவ மொழி. பெருவிரைவு இரயில் நிலையங்களில் தமிழ் ஒலிக்கிறது. 2008 அக்டோபரிலிருந்து வசந்தம் தனி ஒளிவழியாகவே இயங்குகிறது. நாடு தன் பங்கைத் தந்திருக்கிறது. நம் வீட்டுக் கூடத்திலிருந்து தமிழை அகற்றியது எந்த அமைச்சு? எந்தக் கழகம்? நாமே அல்லவா!

"அவருக்குத் தனியே ஒன்று வாங்கித் தரலாமே?"

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். "அம்மாவின் அறையில் சிறிய தொலைக்காட்சி ஒன்றை வையுங்கள். சிக்கல் தீர்ந்தது." பரிவோடுதான் சொன்னார். ஆயினும் இதைப்போல் கேடான அறிவுரை வேறில்லை என்பேன்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன், என்னிடம் தமிழ் பேசுவது குறைவு. தமிழாசிரியரின் பிள்ளை, இருந்தும் குறைவு. ஆனால் பாட்டியோடு தொடர் பார்க்கும்போது பேசுகிறான். "இவ ஏன் பாட்டி அழறா?" என்று கேட்பான். அம்மா மூன்று தலைமுறைக் கதையைச் சொல்வார். கொழுந்தன், ஓரகத்தி, சம்பந்தி ஆகிய உறவுப்பெயர்களை அவன் கற்றது என் பாடநூலிலிருந்து அன்று. அந்த நாற்காலியின் பக்கத்தில், தரையில் அமர்ந்து கற்றான். அந்த நாற்காலியை உள்ளறைக்கு நகர்த்தினால் கூடத்தில் மீதம் இருப்பது என்ன?

புள்ளிவிவரத்தையும் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-இலிருந்து 48.3 ஆயிற்று. இந்தச் சரிவுக்குத் தொலையியக்கியா காரணம் என்று நகைக்காதீர். வீட்டுமொழி ஒரே நாளில் போவதில்லை. பாட்டி பேசாமல் உள்ளே போகும் ஒவ்வொரு மாலையிலும் சிறிது சிறிதாகப் போகிறது.

வேறு சிலர், "பெரியவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுங்கள்" என்பர். நூல் கட்டியும் பொட்டு வைத்தும் தமக்கேற்ற அடையாள முறையை அவரே வகுத்துக்கொண்டாரே, அஃது என்ன அறியாமையா? கற்க வேண்டியவர் அவரா, அவர் அறிவைப் பரணில் வீசிய நானா?

வகுப்பறையில் கிடைத்த விடை

மறுவாரம் தொடக்கநிலை ஐந்து மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். "உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை இயக்குவது எப்படி? பாட்டிக்கு ஆறு வரிகளில் எழுதுக."

பலர் "டிவியை ஆன் செய்யவும்" என்று எழுதினர். இருவர் "டிவியைத் திறக்கவும்" என்று எழுதினர். விளக்கையும் விசிறியையும் "திறக்கும்" ஊர் அல்லவா இது! போடு, அணை, ஏற்று, குறை, மாற்று என்று எளிய வினைகளைக் கரும்பலகையில் எழுதினேன். "இதெல்லாம் டிவிக்கும் சொல்லலாமா சார்?" என்று வியந்தனர். தமிழ் கட்டுரைக்கும் தேர்வுக்கும் மட்டுமே ஆனது என்று அவர்களை நம்பவைத்தவர்கள் நாம்தாமே?

ஒரு மாணவி மட்டும், நான் என் வீட்டுக் கதையைச் சொன்னதைக் கேட்டு இப்படி எழுதியிருந்தாள்: "பாட்டி, பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். ஐந்து வரை எண்ணுங்கள். அதுவரை கையை இறக்காதீர்கள்."

அறிவுள்ள பொறியாளர் எழுத வேண்டிய வரி. கையேட்டில் எங்கும் இல்லை. பத்து வயதுக் குழந்தை தமிழில் எழுதிவிட்டாள்.

அன்றிரவே பெயர்களை மாற்ற அமர்ந்தேன். சிறு திரை தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. அதனாலென்ன? வெள்ளைத் தாளில் "செய்தி", "நாடகம்", "பாட்டு" என்று எழுதிப் பொத்தான்களின்மேல் ஒட்டினேன். மாணவியின் வரியைப் பெரிதாக எழுதி மேசையில் வைத்தேன். பரணிலிருந்து பழைய இரண்டையும் இறக்கினேன். அம்மா கையை நீட்டி, வாய்விட்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார். நான்கில் திரை ஒளிர்ந்தது. "இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

ஆம் அம்மா. சொல்லியிருக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டுக்கு எந்தக் கருவி வந்தாலும், முதலில் அதை வீட்டின் மூத்தவர் கையில் கொடுங்கள். அவரால் துணையின்றி இயக்க முடியாவிட்டால், அமைத்தவர் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று பொருள்.

2. பெயரிடும் உரிமை கிடைக்கும் இடமெல்லாம் தமிழில் பெயரிடுங்கள். இயலாவிடில் தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தாளைப் பிள்ளைகளே எழுதட்டும்.

3. பழைய தொலையியக்கிகளை எறியாதீர்கள். பெயர்பெற்ற ஹார்மனி வகைத் தொலையியக்கிகளின் தயாரிப்பையே 2021-இல் லாஜிடெக் நிறுத்திக்கொண்டது. வைத்திருப்போர்க்கு ஆதரவு தொடரும் என்று அறிவித்தது உண்மையே. ஆயினும் எல்லாவற்றையும் ஒன்றிடமே ஒப்படைத்தவர் அந்த ஒன்றையே நம்பி நிற்க வேண்டியவர்.

4. ஆசிரியர்களே, செய்முறை விளக்கம் எழுதும் பயிற்சியை வகுப்பில் கொடுங்கள். கருவியை இயக்கத் தமிழ் உதவும் என்பதைப் பிள்ளை தன் கையால் எழுதி அறியட்டும்.

"ஆங்கிலம் ஒன்று போதும்; எல்லாவற்றையும் அதுவே இயக்கும்" என்று நம் பெற்றோர் பலர் கருதுகின்றனர். நானும் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் எண்ணினேன். ஒரே பொத்தானில் எல்லாம் எரிந்தன. என்னைப் பெற்றவர் மட்டும் இருட்டுத் திரையின்முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்.

இன்று மாலை உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே எவரேனும் எவருடைய வருகைக்கேனும் காத்திருக்கிறாரா?

சிந்திப்போம், செயல்படுவோம்.